சாடிகளை உள்ளே எடுக்காதே

அன்புள்ள மகளுக்கு,

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றியதில் இருந்து ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடுகிறது என்று நீ போனில் சொன்னது எனக்கு மனசை விட்டுப் போகவில்லை. கிளாஸ்கோவில் தை பிறந்து வெகு நாளாகியும் அந்த மந்தாரம் விலகாது. அதுதான் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். உள்ளே துலிப், டாஃபடில், குட்டி ஐரிஸ் என்று மூன்று பை பூக்கிழங்கு இருக்கிறது. பால்கனியில் வெறுமையாக நிற்கிற பெரிய சாடிகளில் இந்தச் சனி ஞாயிறிலேயே நட்டுவிடு.

பெட்டியைக் குசினியில் மட்டும் வைக்காதே. டாஃபடில் கிழங்கு பார்வைக்கு வெங்காயமேதான். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கடைகளில் டாஃபடிலை மரக்கறிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. உன்னோடு இருக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லிவை.

பனி கொட்டினால் சாடிகளை ஹீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் பிள்ளை. துலிப்பின் சொந்த ஊர் மத்திய ஆசியாவின் மலைகள். கோடையில் சுட்டெரிக்கும் வெயில், மாரியில் உறைபனி. மூன்று நாலு மாதம் நல்ல குளிர் பட்டால்தான் அதன் தண்டு நீளும். சூட்டுக்குள் வைத்தால் பூ குட்டையாக இலைக்குள்ளேயே நின்றுவிடும், இல்லையென்றால் வராமலே போகும். உள்ளே பூ ஏற்கனவே உருவாகி இருக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு டாஃபடில் கிழங்கை நெடுக்காக வெட்டிப் பார், நடுவில் வெளிர்நிறத்தில் மொட்டு தெரியும். குளிர் செய்வது அதை எழுப்பும் வேலை.

கிளாஸ்கோவில் குளிரைவிட மழைக்குத்தான் நான் பயப்படுகிறேன். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். சாடியின் அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று முதலில் பார். சாடி தரையோடு ஒட்டி நிற்காமல் அடியில் சின்னச் சின்ன ஓட்டுத்துண்டு வைத்து உயர்த்து. கடையில் வாங்கும் கம்போஸ்ட் மூன்று பங்குக்கு ஒரு பங்கு சரளை கலந்துகொள். கடும் உறைபனி என்று வானிலைக்காரர் சொன்னால் சாடிகளைச் சுவரோடு நெருக்கி வைத்து, சுற்றிவர பபிள் ரேப் கட்டிவிடு. அது போதும்.

நடுவது அடுக்கடுக்காக. ஊரில் பனம்பாத்தி போடும்போது கொட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம் என்று சொல்லியிருக்கிறேனே, அதே மாதிரி. அடியில் துலிப், மேலிருந்து ஒரு 20 சென்ரிமீற்றர் ஆழத்தில். அதன்மேல் மண் போட்டு 13 சென்ரிமீற்றர் அளவில் டாஃபடில். கடைசியாக ஏழெட்டுச் சென்ரிமீற்றரில் ஐரிஸ். கூர்முனை மேலே பார்க்கட்டும். கிழங்குக்கும் கிழங்குக்கும் ஒரு விரல் இடைவெளி காணும். கீழே இருக்கிற முளை மேலே உள்ள கிழங்கை விலத்திக்கொண்டு தானே வழி கண்டுபிடிக்கும். டாஃபடிலை இன்னும் கொஞ்சம் வெள்ளன நட்டிருக்கலாம், ஆனாலும் பிந்தவில்லை. துலிப்புக்குக் கார்த்திகை மாதம்தான் நல்லது. மண் குளிர்ந்த பிறகு நட்டால் இலையைக் கருக்குகிற பூஞ்சணம் குறையும்.

துலிப் கிழங்கைக் கையில் எடுத்தால் ஒரு பக்கம் தட்டையாக இருப்பது தெரியும். சாடியின் ஓரத்தில் வைக்கிறவற்றில் அந்தத் தட்டைப் பக்கத்தை வெளிப்புறம் பார்க்க வை. முதல் பெரிய இலை அந்தப் பக்கமாகத்தான் வரும். சாடியின் விளிம்பில் அது சாய்ந்து கிடப்பது தனி வடிவு.

உன் பால்கனியில் காற்று பலமாக அடிக்கும் என்றபடியால் எல்லாமே கட்டை இனமாகத் தேடி வாங்கினேன். டாஃபடில் 'டேட்-அ-டேட்', துலிப் 'ரெட் ரைடிங் ஹூட்'. ஒரு தண்டில் இரண்டு மூன்று சின்ன மஞ்சள் பூ வரும் முதலாவதில். இரண்டாவதின் இலையிலேயே ஊதாக் கோடு ஓடும், பூ வராவிட்டாலும் பார்க்கலாம். ஐரிஸ் பெப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும், டாஃபடில் மார்ச்சில், துலிப் ஏப்ரலில். லண்டனைவிட அங்கே ஒன்றிரண்டு கிழமை பிந்தலாம். ஒரு சாடியே மூன்று மாதம் பூத்துக்கொண்டிருக்கும். ஐரிஸ் வருகிற நாளில் கட்டாயம் வெளியே போய்க் குனிந்து பார். கருநீல இதழ், நடுவில் செம்மஞ்சள் கோடு. சுற்றிவர ஒரு பச்சை இல்லாத நேரத்தில் அந்த நிறத்தைப் பார்ப்பதற்காகவே நானும் அம்மாவும் ஒவ்வொரு வருடமும் நடுகிறோம்.

உறைபனி விழுந்த காலையில் டாஃபடில் எல்லாம் தரையில் விழுந்து கிடக்கும். பதறாதே, கைவைத்து நிமிர்த்தவும் வேண்டாம். வெயில் ஏற ஏறத் தானே எழும்பிவிடும்.

நட்டதும் ஒருமுறை தண்ணீர் விடு. மேல்மாடி மறைப்பதால் மழை படாத சாடி இருந்தால், இடைக்கிடை விரலை மண்ணுக்குள் விட்டுப் பார். முளை காட்டிய பிறகு காயவே விடாதே, மொட்டு கருகிவிடும்.

பூ முடிந்ததும் வாடின பூவை மட்டும் கிள்ளிவிடு. இலையை வெட்டாதே, முடிச்சுப் போடவும் வேண்டாம். ஆறு கிழமையாவது அது பச்சையாக நிற்க வேண்டும், வருகிற வருடத்துப் பூவுக்கான சாப்பாட்டை அந்த இலைதான் கிழங்குக்கு அனுப்புகிறது. தக்காளிக்கு விடுகிற திரவப் பசளையைக் கரைத்து விட்டால் நல்லது. டாஃபடில் திரும்பவும் பூக்கும். சாடித் துலிப்பை நம்ப முடியாது, அதை வருடா வருடம் புதிதாக வாங்கித் தருகிறேன்.

சரளை பெட்டியில் இல்லை, பாரம் என்று வைக்கவில்லை. அங்கே வாங்கிக்கொள். டாஃபடில் அடுக்கு வைத்ததும் மண் மூடுவதற்கு முன்னம் ஒரு படம் எடுத்து அனுப்பு. நெருக்கம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா