காலி செய்ய முடியாத வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேய்ப் படங்களின் இரண்டாம் பாகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ‘தி கான்ஜுரிங் 2’ படத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். கன்னியாஸ்திரிப் பேய்தான் படத்தின் பலம் என்றும், அமெரிக்கப் பேய் ஆய்வாளர்களான வாரன் தம்பதி லண்டன் போய்ப் பேயை விரட்டிய உண்மைச் சம்பவம் இது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை.

நம் ஊரில் இரண்டாம் பாகம் எடுத்தால் பங்களா பெரிதாகும், பேய் ஒன்றுக்கு இரண்டாகும், கூடவே நாலு காமெடியன்கள் சேர்ந்துகொள்வார்கள். 2016-இல் ஜேம்ஸ் வான் நேர்மாறாகப் போனார். முதல் பாகத்தில் ஏரியும் மரமுமாகப் பரந்து கிடந்த பண்ணை வீடு. இதில் வடக்கு லண்டன் என்ஃபீல்டில் ஒரு நகராட்சி வாடகை வீடு. கணவனைப் பிரிந்த பெக்கி ஹாட்ஜ்சன், அவருக்கு நான்கு பிள்ளைகள். “பேசாம வீட்டைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே” என்று எந்தப் பேய்ப் படத்துக்கும் தியேட்டரில் யாராவது முணுமுணுப்பார்கள். இந்தப் படத்தில் அதற்கு இடமே இல்லை. எங்கே போவார் அந்தம்மா? கன்னியாஸ்திரியைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பாத்திரமே படப்பிடிப்பு முடிந்த பிறகு மறுபடி எடுத்துச் சேர்த்ததுதான். படத்துக்கு அடிப்படையான என்ஃபீல்டு சம்பவத்தில் அப்படி எந்தக் கன்னியாஸ்திரியும் கிடையாது.

படத்தில் உண்மையாகவே மிரட்டுவது ஒரே இடம். பெக்கியின் மகளான சிறுமி ஜேனட் மூலமாகப் பேசும் பில் என்ற கிழவரின் பேய், தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்கிறார். எட் வாரன் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்கிறார். குரலை அவளே எழுப்புகிறாளா என்று பார்க்க, அவள் வாயில் தண்ணீர். கேமரா வெட்டாமல் எட்டின் முகத்தை நோக்கி மெல்ல நகர்கிறது. பின்னால் மங்கலாகத் தெரியும் அந்தச் சின்ன உருவம் எப்போது கிழவராக மாறியது என்று நமக்கே பிடிபடாது. திடுக்கென்ற சத்தம் ஏதும் இல்லாமல் இப்படிப் பயமுறுத்த நம் இயக்குநர்கள் எப்போது கற்றுக்கொள்வார்களோ!

ஆனால் 1977-இல் அந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்தவர்கள் மாரிஸ் க்ரோஸும் கை லயன் பிளேஃபேரும்தான். லண்டனின் அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த இருவரும் ஓராண்டுக்கு மேல் அந்த வீட்டுக்கு நடையாக நடந்து, குரலை ஒலிநாடாக்களில் பதிவுசெய்தார்கள். முந்தைய ஆண்டுதான் சாலை விபத்தில் க்ரோஸின் மகள் இறந்திருந்தாள். அவள் பெயரும் ஜேனட். படத்தில் அவரை ஒரு ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். வாரன் தம்பதி ஏதோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள், அவ்வளவுதான் என்று பிளேஃபேர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

பேய் இருந்ததா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நாற்காலி தானாக நகர்ந்ததைப் பார்த்ததாக ஒரு பெண் போலீஸ் எழுத்துமூலம் வாக்குமூலம் கொடுத்தார். சிலவற்றைத் தாங்களே வேடிக்கையாகச் செய்தோம், ஆனால் அது சொற்பமே என்று பெக்கியின் மகள் ஜேனட்டும் ஒப்புக்கொண்டார். அமெரிக்காவிலிருந்து ஒரு தம்பதி வந்து இறங்கி, சிலுவையை நீட்டிக் கதையை முடித்து வைத்ததாக மட்டும் எந்தப் பதிவும் இல்லை. பெக்கி அதே வீட்டில்தான் 2003-இல் தான் இறக்கும்வரை வாழ்ந்தார்.

‘உண்மைச் சம்பவம்’ என்று போஸ்டரில் போட்டு டிக்கெட் விற்பது படக் கம்பெனியின் பிழைப்பு. அதைப் பத்திரிகையும் அப்படியே திருப்பி அச்சடிக்க வேண்டுமா? இந்தத் தொடர் புத்தகமாக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது வாரன் தம்பதி பற்றிய வரியை நீக்கிவிட்டு, க்ரோஸ், பிளேஃபேர் இருவர் பெயரையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருநெல்வேலி