உன் மூச்சையும் யாராவது எண்ண வேண்டும்

கன்னங்குறிச்சி,
சேலம்.

அன்பு மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, அலுவலகத்தில் லிப்ட் பழுதாகி மூன்று மாடி ஏற நேர்ந்ததையும், மேலே போனதும் மேசையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அதே மூச்சில், மே மாதம் ஊருக்கு வரும்போது ஏற்காட்டுக்குப் போய்ச் சேர்வராயன் கோவில் வரை நாமெல்லாம் நடந்தே ஏற வேண்டும் என்றாய். அம்மாவுக்கு ஏற்காடு என்ற சொல் காதில் விழுந்தது. எனக்கு மூன்று மாடி என்ற சொல்தான் விழுந்தது. அன்றிரவு வெகு நேரம் விழித்திருந்து யோசித்த பிறகே இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உன் கல்லீரலின் ஒரு பகுதியை எடுத்து எனக்கு வைத்த அறுவைச் சிகிச்சை நடந்து ஒன்பது மாதங்கள் ஆகிவிட்டன. இந்த ஒன்பது மாதமும் என் மூச்சை மருத்துவர்கள் எண்ணினார்கள், இயன்முறை மருத்துவர் எண்ணினார், உன் அம்மா எண்ணினாள், புனேயில் இருந்துகொண்டு நாள்தோறும் நீயும் கேட்டு எண்ணினாய். உன் மூச்சை யார் எண்ணினார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை. ஆறாவது மாதம் நீ போயிருக்க வேண்டிய பரிசோதனைக்கும் வேலை இருந்ததென்று போகவில்லை என்பது, போன வாரம் அம்மா வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வயிற்றில் செய்த சிகிச்சைக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று நம் தெருவில் பலரும் என்னைக் கேட்கிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்லீரல் வலப்பக்க விலா எலும்புகளுக்குள், உதரவிதானத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கீழிறங்கி நுரையீரலுக்கு இடம் கொடுப்பது அந்த உதரவிதானம்தான். கல்லீரலை எடுக்கவோ அதில் ஒரு பாதியைப் பிரிக்கவோ வேண்டுமானால், அதை அந்தத் தசையிலிருந்து விடுவித்தாக வேண்டும். விலாவின் கீழே நீளமாக வெட்டித் தைத்த புண்ணின் வலிக்குப் பயந்து நாம் மேலோட்டமாகவே மூச்சு விடுகிறோம். அப்போது நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்கிக் கிடக்கிறது, சளி தங்குகிறது, வலப்பக்கம் நீரும் கோத்துக்கொள்கிறது. இது கல்லீரலைப் பெற்றவனுக்கு மட்டும் வருவதன்று. வலப்பகுதியைக் கொடுத்தவருக்கும் வரும். உன் கல்லீரலில் பாதிக்கு மேல் என்னிடம் இருக்கிறது, பித்தப்பையையும் எடுத்துவிட்டார்கள். எஞ்சியது இரண்டு மூன்று மாதங்களில் பெருகி ஏறக்குறைய பழைய அளவை எட்டிவிடும் என்று மருத்துவர் சொன்னதை நீ பிடித்துக்கொண்டாய். கல்லீரல் தானாக வளரும், உண்மை. வயிற்றுத் தசையும் மூச்சுத் தசையும் அப்படித் தானாக வளர்வதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். மகோதரம் கண்டு வயிறு நிறைய நீர் தேங்கியிருந்த காலத்தில், அது உதரவிதானத்தை மேலே தள்ளியதால் என்னால் படுத்து உறங்கவும் முடியவில்லை. உடம்பு தன் தசையையே தின்று தீர்த்தது. தொடை இரண்டும் கைத்தடி போலாயின. புதுக் கல்லீரல் வந்ததும் நீர் வடிந்துவிட்டது, தசை திரும்பவில்லை. போதாததற்கு, உடல் அந்த உறுப்பை ஒதுக்காமல் இருக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையும் தொடைத் தசையைத்தான் முதலில் வாட்டியது.

மூச்சை இழுத்துப் பழக மருத்துவமனையில் தந்த, மூன்று பந்து வைத்த அந்த ஸ்பைரோமீட்டரை நீ மறந்திருக்க மாட்டாய். முதல் பந்து எழ விநாடிக்கு 600 மில்லி காற்றை இழுக்க வேண்டும், இரண்டாவதற்கு 900, மூன்றாவதற்கு 1200 என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்த உன் தாத்தாவின் பட்டறையில் வளர்ந்தவன் நான். வெள்ளியை ஒட்டும் பொடி வைத்துச் சுடரால் பற்றவைக்கும்போது அவர் கன்னத்தில் காற்றை அடக்கி ஊதுகுழலில் விட்டபடியே மூக்கால் மூச்சை வாங்கிக்கொள்வார். சுடர் ஒரு முறைகூடத் தளராது. சிறுவனாக அதைப் பழகியவன், முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் குரல் உயர்த்திப் பாடம் நடத்தியவன், சிகிச்சை முடிந்த நான்காம் நாள் அந்தக் குழாயை வாயில் வைத்து இழுத்தபோது முதல் பந்து நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அன்று மாலை உன்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். மடியில் ஒரு தலையணை, கையில் உன்னுடைய ஸ்பைரோமீட்டர். "இப்படி இழுங்கப்பா" என்று சொல்லி இழுத்தாய். இரண்டு பந்துகள் மேலே போய், இரண்டு எண்ணும் வரை நின்றன. உடனே தலையணையை வயிற்றில் அழுத்திக் குனிந்துகொண்டாய். நான் பந்துகளைத்தான் பார்த்தேன், கண்ணு. நீ ஏன் குனிந்தாய் என்று இந்த ஒன்பது மாதங்களில் நான் உன்னை ஒரு முறையும் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் நான் செய்த பிழையையும் உனக்குச் சொல்லியாக வேண்டும். பார்க்க வந்த உறவினர் எல்லாம் "அசையாமல் படுத்திருங்கள், பெரிய ஆபரேஷன்" என்றார்கள். அந்தச் சொல் இனிமையாக இருந்ததால் பத்து நாள் படுத்தே கிடந்தேன். ஸ்பைரோமீட்டர் அலமாரிக்குப் போனது. காய்ச்சல் வந்து ஸ்கேன் எடுத்தபோது வலப்பக்க நுரையீரலின் அடி மூடிக்கொண்டு, அதைச் சுற்றி நீர் கோத்திருந்தது. நல்லவேளையாக ஊசி போட்டு எடுக்காமலே அது வற்றியது. பிறகுதான் இயன்முறை மருத்துவர் சொன்னதை ஒழுங்காகச் செய்யத் தொடங்கினேன். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நிமிர்ந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் நீளமாகப் பத்து முறை இழுத்து, ஒவ்வொன்றையும் மூன்று விநாடி தாங்க வேண்டும். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். இருமும்போது தலையணையைப் புண்ணோடு அணைத்துக்கொள்ள வேண்டும். கபாலபாதி செய்தால் நுரையீரல் திறக்கும் என்று ஒருவர் ஆர்வமாகச் சொன்னார். வயிற்றை வெட்டி இழுக்கும் அந்தப் பயிற்சியைத் தையல் முழுக்க உறுதிப்படும் முன் செய்தால் குடலிறக்கம் வரும் என்று இயன்முறை மருத்துவர் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். தண்ணீர்க் குடம் தூக்கவும் மூன்று மாதம் தடை இருந்தது.

நடையை நான் மின்கம்பக் கணக்கில் வளர்த்தேன். முதல் வாரம் இரண்டு கம்பம் போய் வந்தேன். நடக்கும்போது பக்கத்தில் வரும் உன் அம்மாவோடு பேச முடிந்தால் வேகம் சரி, பேச்சு அறுபட்டால் அதிகம் என்பது இயன்முறை மருத்துவர் கொடுத்த அளவுகோல். நான்காம் மாதம் மூக்கனேரிக் கரைக்குப் போனேன். இப்போது காலை மாத்திரை போட்டபின், முகக்கவசம் அணிந்து, கரையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறேன் என்று அம்மா எண்ணுவாள். முதல் மாதம் நான்கு, இப்போது பதின்மூன்று. எனக்கு மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் நடையைவிட அந்த நாற்காலியைத்தான் சொல்வேன். படி ஏறும் வலிமை தொடையிலிருந்து வருகிறது. தொடை தளர்ந்திருந்தால் அந்தச் சுமையும் மூச்சின் மேல் விழுகிறது.

இனி உன் செய்திக்கு வருகிறேன். ஒன்பது மாதம் கழித்தும் மூன்று மாடி ஏறியதற்கு நிற்க வேண்டியிருக்கிறது என்றால், அது பழக்கம் விட்டுப்போனதாலேயே இருக்கலாம். இரத்த அளவு குறைந்திருப்பதாலும் இருக்கலாம், வலப்பக்கத்து உதரவிதானம் சரியாக அசையாததாலும் இருக்கலாம். எது என்று நானும் நீயும் தொலைபேசியில் முடிவு செய்ய முடியாது. விட்டுப்போன அந்தப் பரிசோதனைக்கு இம்மாதமே போ. ஹீமோகுளோபின் பார்க்கச் சொல், மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேள், ஆறு நிமிட நடைச் சோதனையையும் கேட்டுச் செய்துகொள். ஒருவேளை படுத்தால் மூச்சு முட்டினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ தேதி பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். "கொடுத்தவள்தானே, எனக்கென்ன நோய்" என்று நீ சொல்வாய். நோயில்லாத உடம்பை வெட்டினார்கள் என்பதால்தான் எனக்கு இவ்வளவு கவலை.

ஏற்காட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேலம் 300 மீட்டருக்குள் இருக்கும் ஊர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒரு மணி நேரத்தில் 1500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறோம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவு. நல்ல உடம்புக்கு அது தெரியாது. சேர்வராயன் கோவில் அதற்கும் மேலே இருக்கிறது. குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். நீ வந்தால் முதல் நாள் மலையில் சும்மா இருப்போம், ஏரிக் கரையில் சிறிது நடப்போம், மறுநாள் கோவிலுக்குக் கிட்டே வரை வண்டியில் போய் மிச்சத்தை மெல்ல ஏறுவோம். வழியில் பம்பளிமாஸ் விற்றால் எனக்கு வாங்கித் தந்துவிடாதே. உடல் புதுக் கல்லீரலை ஒதுக்காமல் இருக்க நான் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை அது இரத்தத்தில் ஏற்றிவிடும். நீ தாராளமாகச் சாப்பிடலாம்.

உன் ஸ்பைரோமீட்டர் இங்கே என் அலமாரியில்தான் இருக்கிறது. புனேக்குப் புறப்படும் அவசரத்தில் விட்டுப் போயிருக்கிறாய். வெந்நீரில் கழுவித் துடைத்து, நாளைக்குக் கூரியரில் அனுப்புகிறேன். அது வந்து சேர்ந்த அன்றே நிமிர்ந்து உட்கார்ந்து இழுத்துப் பார்த்து, எத்தனை பந்து எழுந்தது, எவ்வளவு நேரம் நின்றது, இழுக்கும்போது வலித்ததா என்று மூன்றையும் எனக்கு எழுது. பரிசோதனைக்கு எந்தத் தேதி வாங்கினாய் என்பதையும் எழுது. அந்தத் தேதியில் அம்மாவும் நானும் புனேக்கு வருகிறோம். பயணம் செய்யலாம் என்று என் மருத்துவர் அனுமதித்துவிட்டார்.

அன்புடன்,
அப்பா