கன்ட்ரோலருக்குப் பேய் பிடித்த கதை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்.

கம்ப்யூட்டரில் கேம் விளையாடும் கன்ட்ரோலர் சொன்ன பேச்சு கேட்கவில்லை, விளையாட்டில் உன் ஆள் தானாக நடக்கிறான் என்று புலம்பியிருந்தாய். புதிது வாங்கிவிடாதே, பொறு. போன மாதம் நானும் வாங்கத்தான் கிளம்பினேன். என்னுடையது பழைய டூயல்ஷாக் 4, பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலர். ஒயரைச் செருகினால் விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் அப்படியொரு பொருள் இருப்பதே தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து அழித்துப் போட்டேன். கடைசியில் பார்த்தால், அது பவர் பேங்கோடு வந்த ஒயர். உள்ளே மின்சாரம் போகும் கம்பி மட்டும்தான், டேட்டா கம்பியே கிடையாது! மகளின் பழைய போன் ஒயரை மாட்டியதும் 'டிங்' என்றது.

அப்புறம் அடுத்த கூத்து. மெனுவில் ஒரு தட்டு தட்டினால் இரண்டு வரி தாவியது. டிஎஸ்4விண்டோஸ் என்ற மென்பொருள் நம் கன்ட்ரோலருக்கு எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் வேஷம் கட்டி விளையாட்டுக்குக் காட்டும். நிஜமானதை மறைக்காமல் விட்டால், இரண்டு பேர் அழுத்துவதாக விளையாட்டு நினைத்துக்கொள்ளும். கேம் வாங்கி விளையாடும் ஸ்டீம் செயலியிலும் இதே வசதி உண்டு. இரண்டில் ஒன்றை நிறுத்திவிடு. நான் ஸ்டீமை வைத்துக்கொண்டேன்.

உன் ஆள் தானாக இடப்பக்கம் நடப்பது வேறு வியாதி. விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, joy.cpl (ஜாய்.சிபிஎல்) என்று அடித்து, ப்ராப்பர்ட்டீஸுக்குப் போ. கட்டத்துக்குள் சின்னக் கூட்டல் குறி இருக்கும். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் குச்சியைத் தொடாமல் அதையே பார். நடுவில் நிற்காமல் ஓரமாக நடுங்கினால், உள்ளே குச்சியின் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள். டிரைவர் மாற்றி ஆகப்போவதில்லை. நடுவைச் சுற்றி அசைவு கணக்கில் வராத இடமான டெட்சோனைக் கூட்டினால் அந்த நடுக்கத்தை விளையாட்டு கண்டுகொள்ளாது. ரொம்பக் கூட்டினாலோ, காரை லேசாகத் திருப்புவது போச்சு. எனக்குப் பத்து சதவீதத்தில் அடங்கியது.

அதற்கும் அடங்காவிட்டால் குச்சியின் மாட்யூலையே மாற்ற வேண்டும். சால்டரிங் வேலை, நீ கை வைக்காதே. கல்லூரி லேபில் நீ புகைய வைத்த ரேடியோவை நான் இன்னும் மறக்கவில்லை. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா, எங்கள் தெரு செல்போன் கடைத் தம்பி பார்த்துக்கொள்வான். ஒயரையும் மறக்காதே.

அன்புடன்,
ரவி