ஹோ மழைக்காட்டுக்கு 40 நிமிடம் போதாது: பயணக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சியாட்டில் வட்டாரத்தில் நம்மவர்களுக்காக நீண்ட வார இறுதிப் பயணங்களை ஏற்பாடு செய்துவரும் நண்பர்களுக்கு, வணக்கம்.

அக்டோபரில் ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குச் செல்வதற்காக நீங்கள் சுற்றுக்கு விட்டிருக்கும் நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். மூன்று கடற்கரை, இரண்டு ஏரி, ஓர் அருவி என நிரம்பி வழியும் அதன் நடுவே, "ஹோ மழைக்காடு, ஹால் ஆஃப் மாஸஸ் நடை: 40 நிமிடம்" என்று ஒரு வரி இருக்கிறது. ஹால் ஆஃப் மாஸஸ் என்றால் 'பாசி மண்டபம்', அந்தக் காட்டிலுள்ள ஒரு சிறு நடைபாதை. அந்த வரியைப் பற்றியதுதான் இந்த மடல். அந்த நடைக்கு அரை நாள் ஒதுக்குங்கள் என்றும், அதற்கு ஈடாக ஒரு கடற்கரையையும் ஓர் ஏரியையும் விட்டுவிடலாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கடிகாரக் கணக்குப்படி நீங்கள் போட்டது சரிதான். பாதையின் நீளம் 0.8 மைல், அதாவது 1.3 கிலோமீட்டர், ஏற்றமும் ஏறத்தாழ 100 அடிதான். கோடையில் நாம் போனபோது அதை 25 நிமிடத்தில் முடித்தோம். நெடுஞ்சாலை 101-லிருந்து 18 மைல் உள்ளே போய், வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் ஒன்றரை மணி நேரம் வரிசையில் கிடந்து, வேக வேகமாகச் சுற்றி வந்து குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நாம் முடித்துத் திரும்பியபோது, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா தொடக்கத்திலுள்ள சிறு பாலத்தையே தாண்டியிருக்கவில்லை. கீழே தெளிந்த ஓடையில் நீர்ச்செடிகள் அவிழ்த்துவிட்ட கூந்தலைப்போல அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்தக் காட்டைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

காட்டின் கதை வழியிலேயே தொடங்கிவிடுகிறது. ஒலிம்பிக் மலைத்தொடரின் வடகிழக்கே, நாம் தேநீருக்கு நிற்கும் ஸ்க்விம் ஊரில் ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவில்தான் மழை பெய்கிறது. அதே மலைத்தொடரின் மேற்குப் பக்கமுள்ள ஹோ பள்ளத்தாக்கில் பெய்வது 3,500 மில்லிமீட்டருக்கும் மேல். சென்னையின் மழையைப் போல இரண்டரை மடங்கு. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஒலிம்பிக் மலைகளில் மோதி மேலேறிக் குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் வருகிறது. அம்மாவிடம் இதை விளக்கத் தொடங்கியபோது, "தென்காசியில சாரல் அடிக்கும், நம்மூர்ல வெயில் காயும், அதானே?" என்று முடித்துவிட்டார். அந்த மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் பெய்கிறது என்பதால், இம்முறை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை.

நின்று பார்க்க வேண்டியவற்றில் முதலாவது விழுந்து கிடக்கும் மரம். தரையெங்கும் பாசியும் பெரணியும் அடர்ந்திருப்பதால், சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்களின் விதைகள் மண்ணில் வேர்பிடிப்பது அரிது. சாய்ந்து மக்கிக்கொண்டிருக்கும் பெருமரத்தின் முதுகில் அவை முளைக்கின்றன. கன்றுகளின் வேர்கள் அந்த உடலைக் கட்டிப்பிடித்தபடி இரு பக்கமும் இறங்கி மண்ணைத் தொடுகின்றன. பல நூற்றாண்டுகளில் கீழே இருந்த மரம் முழுவதும் கரைந்துபோக, வளர்ந்தவை நேர்கோட்டில், வேர்க்கால்களை ஊன்றியபடி, அடியில் ஒரு குழந்தை நுழைந்துபோகும் அளவு வெற்றிடத்துடன் நிற்கின்றன. நம் இலக்கியம் அறிந்த செவிலித்தாயை நினைத்து நான் இதைச் செவிலிமரம் என்று சொல்வது வழக்கம்.

இரண்டாவது, பாதையின் நடுவே ஒரு சிறு கிளைவழியில் இருக்கும் மேப்பிள் தோப்பு. பாதைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இடம் இதுதான். கிளைகளிலிருந்து திரைபோலத் தொங்குவதில் பெரும்பகுதி செலாஜினெல்லா. பாசி என்று நாம் அழைத்தாலும் அது பாசியைவிடப் பெரணிக்கே நெருங்கிய உறவு. அந்தப் போர்வைக்கு அடியில் உதிர்ந்த இலைகள் மக்கி, கிளைமேலேயே மண் உண்டாகிறது. மேப்பிள் மரம் தன் கிளையிலிருந்து வேர்விட்டு அந்த மண்ணில் உணவு தேடுவதை, இந்திய வம்சாவளியில் வந்த தாவரவியலாளர் நளினி நட்கர்ணி கயிறுகட்டி உச்சிக்கு ஏறிக் கண்டறிந்து 1981-இல் வெளியிட்டார். இதைத் தெரிந்துகொண்டபின் அந்தக் கிளைகளை அண்ணாந்து பார்க்க ஐந்து நிமிடம் போதாது.

காற்றடித்த மறுநாள் பாதையில் லெட்டூஸ் இலைபோல வெளிறிய பச்சைத் துண்டுகள் கிடக்கும். அது உச்சிக் கிளைகளில் வளரும் ஒரு லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிர். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைத்து, விழுந்து மக்கும்போது மண்ணுக்குக் கொடுக்கிறது. அம்மா குனிந்து பார்த்து, "கல்பாசி மாதிரி இருக்கே" என்றார். நம் குருமாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான் என்பதால், தாவரவியல்படி அவர் சொன்னதில் பிழையில்லை. மசாலாவுக்கு எடுத்துவரத்தான் வழியில்லை.

கோடையில் நடந்த இரண்டு காரியங்களையும் குறிப்பிட வேண்டும். ஒன்று, படத்துக்காக ஒரு பையன் பாசித் திரையைப் பிடித்து இழுத்தான், பெரியவர்கள் சிரித்தோம், நானும்தான். உரித்த பாசி மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். மற்றொன்று, நடை முழுவதும் கையில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டே வந்தது. இதே பள்ளத்தாக்கில், ஹோ ஆற்றுப் பாதையில் மூன்று மைலுக்குச் சற்று அப்பால், மனித ஓசை குறைவான இடமென்று தேர்ந்து, ஒலிப்பதிவாளர் கார்டன் ஹெம்ப்டன் 2005-இல் ஒரு சிறு சிவப்புக் கல்லை வைத்தார். அவ்வளவு தூரம் நாம் போகப்போவதில்லை. ஸ்பீக்கரை வண்டியிலேயே விட்டுவிட்டால் சொட்டும் ஓசையாவது கேட்கும்.

என் யோசனை இதுதான். முந்தைய இரவு அருகிலுள்ள ஃபோர்க்ஸ் ஊரில் தங்கிக் காலை ஒன்பதுக்குள் உள்ளே போய்விட்டால் வண்டி நிறுத்தும் தொல்லை இருக்காது. சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்கு, பார்வையாளர் மையத்தை ஒட்டியே தளம்போட்ட குட்டிப் பாதை ஒன்று இருக்கிறது. நாய்களுக்கு இந்தப் பாதைகளில் அனுமதியில்லை என்பதை உரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரச் சொல்லுங்கள்.

என் வண்டியில் ஏழு பேர் அமரலாம். மெதுவாக நடக்கும் பெரியவர்களை நான் அழைத்து வருகிறேன், மழைச்சட்டை நான்கு கூடுதலாக இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் திருத்திய நிரலை அனுப்பினால், அன்று மதியத்துக்கான புளியோதரையையும் என் பொறுப்பில் எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் பயணத் தோழன்