எடையை விசாரிக்கவும் ஒருவர் வேண்டும்

ஐயா,

உடல் பருமன் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான தலையங்கம் உணவுக் கட்டுப்பாட்டையும் நடைப்பயிற்சியையும் சரியாகவே வலியுறுத்தியது. ஆனால், அந்த அறிவுரையைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் நோயாளி அடுத்த பரிசோதனை வரை யாருடைய துணையுமின்றித் தனியே போராட வேண்டியிருப்பதை அது தொடவில்லை. 2002-இல் முடிவுகள் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பை இலக்காகக் கொண்ட பிரிவினருக்கு முதல் 24 வாரங்களில் பயிற்றுநருடன் 16 சந்திப்புகள் ஏற்பாடு செய்யப்பட்டன. அவர்களிடையே நீரிழிவு ஏற்படுவது 58 சதவீதம் குறைந்தது.

சர்க்கரை நோயாளியான என் மனைவியிடம் மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு பரிசோதனையிலும் ‘எடையைக் குறையுங்கள்’ என்று சொல்லப்பட்டும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஒரு செவிலியர் இரு வாரங்களுக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, இரவு எத்தனை இட்லி, எவ்வளவு நேரம் நடை, முழங்கால் வலி எப்படி என்று கடிந்துகொள்ளாமல் விசாரிக்கத் தொடங்கிய பின்னரே, எட்டு மாதங்களில் ஆறு கிலோ குறைந்தது. (கடிந்துகொள்ளாமல் என்பது முக்கியம், எடை கூடிய மாதத்தில் மருத்துவமனைக்குப் போகவே கூச்சப்படுவோர் பலர்.) 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரைகளுடன் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள் ஒவ்வொரு முறையும் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் குறித்து ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கு அனுப்பவும், அவர் மாதம் இருமுறை நோயாளியை அழைத்துப் பேசவும் மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர் ஒருவர், மதுரை