சிறப்புப் பள்ளி நிர்வாகிகளுக்கு, ரசீது அச்சடிப்பவன் எழுதுவது

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகச் சிறப்புப் பள்ளி நடத்தும் நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை, மற்ற மாதங்களில் பில் புத்தகமும் ரசீதுப் புத்தகமும். கல்யாண மண்டபம், அடகுக் கடை, கோயில் திருப்பணிக் குழு என்று எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்தாயிற்று. ஒரு ரசீதைப் பார்த்தாலே அதைக் கொடுத்தவர் எதைச் சொல்ல வருகிறார், எதை மழுப்புகிறார் என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும். என் மகனுக்காக மூன்றாண்டுகளாக வாங்கிய ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. இந்த மடல் அவற்றைப் பற்றித்தான்.

மகனுக்கு எட்டு வயது. பேச்சு இன்னும் வரவில்லை. கட்டிங் மெஷினிலிருந்து விழும் காகிதக் கீற்றுகளைப் பொறுக்கி அகலம் பார்த்து வரிசையாக அடுக்குவான். எனக்கு ஸ்கேல் வைத்தால்தான் தெரியும் வித்தியாசம் அவனுக்கு விரலிலேயே தெரியும். சித்திரைத் திருவிழா வேட்டுக்குக் கட்டிலுக்கடியில் ஒளிகிறவன், நம்பரிங் மெஷின் டக் டக்கென்று விழும்போது பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பான். அரசுக் காகிதங்களில் இவனைப் போன்றவர்களுக்கு ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்’ என்று பெயர். அந்தச் சொற்களைக் கோத்தவர் ஒரு நாள் எங்கள் அச்சகத்துக்கு வந்து, இவன் கீற்று அடுக்குவதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஐந்து வயதில் அவனைச் சேர்த்த முதல் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். சேர்க்கைக்கு 25,000 ரூபாய், மாதம் 12,000, வேனுக்கு 2,500. “ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர்” என்றார்கள். “ஆறு மாதத்தில் பேச வைத்துவிடலாம்” என்றும் சொன்னார்கள். நானும் மனைவியும் இரண்டாவது பேச்சில் மயங்கி, முதல் பேச்சைச் சோதிக்காமல் விட்டுவிட்டோம். 25,000 ரூபாய்க்கு ‘நன்கொடை’ என்று ரசீது வந்தது. மாதாமாதம் கட்டியதற்கு ‘கட்டணம்’ என்ற ஒற்றைச் சொல். அந்தப் பணத்துக்காக மனைவியின் இரண்டு வளையல் அடகுக்குப் போயின. அந்த அடகுக் கடையின் ரசீதும் நான் அடித்ததுதான். நகையின் எடை, மதிப்பு, வட்டி, கெடு என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனிக் கட்டம் உண்டு.

ஒரு புதன்கிழமை தயிர்ச்சோற்று டப்பாவை மறந்துவிட்டு வேனில் ஏறிவிட்டான். கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். பெற்றோர் வகுப்புப் பக்கம் போகக் கூடாது என்பது அங்கே விதி. வாசலில் இருந்த அக்காவுக்கு அது நினைவில்லை போலும். அறையில் ஏழு பிள்ளைகள், ஒரே ஒரு இளம்பெண். ஸ்டூலின்மேல் ஒரு செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தன் கையைத் தானே கடிக்கும் இன்னொரு குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். என் மகன் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு நின்றான். அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஏழு பிள்ளைகளுக்கு அவர் என்ன செய்வார்?

அதே பள்ளியில் நல்ல ஆசிரியை ஒருவரும் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். படம் போட்ட அட்டை கேட்டார். தண்ணீர், கழிவறை, போதும், சத்தம் என்று 32 அட்டை அடித்து, லேமினேஷன் போட்டு, கையில் குத்தாதபடி மூலைகளை வளைத்துக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவன் தண்ணீர் அட்டையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். அன்று கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தும் அச்சகத்தைப் பூட்டிவிட்டு அவனோடு வீட்டுக்குப் போனேன். அந்த ஆசிரியை வேலையை விட்டுப் போனதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ரப்பர் பேண்ட் போட்டு 32 அட்டையும் அவன் பையில் திரும்பி வந்தபோதுதான் தெரிந்துகொண்டோம். இரண்டு வாரம் பள்ளியில் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. கட்டணத்தில் மட்டும் குறைவில்லை.

“அரசுப் பள்ளியில் சேர்க்கலாமே” என்பீர்கள். கேட்டுப் பார்த்தோம். தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் விதி வகுத்திருக்கிறது. எங்கள் பகுதிப் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரத்தில் ஒரு நாள் வந்துபோனார். தலைமையாசிரியை மனசாட்சி உள்ளவர். “கேட்டைத் திறந்துகொண்டு ஓடினால் பின்னால் ஓட எனக்கு ஆள் இல்லை ஐயா” என்று உள்ளதைச் சொன்னார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 31ஆம் பிரிவு: 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. என் மகனின் சான்றிதழில் 70 விழுக்காடு என்று இருக்கிறது. ஆனாலும் அந்த ‘இலவசம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. அது எனக்கும் அரசுக்கும் உள்ள வழக்கு. வாடகை, சம்பளம், கரண்டு எல்லாம் உங்களுக்கும் உண்டு. ஆசிரியர் சம்பளத்துக்குத்தான் போகிறது என்று தெரிந்தால் இன்னும் ஆயிரம் கூடக் கேளுங்கள், புரட்டித் தருகிறேன்.

நான் கேட்பது ரசீதில் எழுதுங்கள் என்பதைத்தான். இந்த மாதம் தனிப்பயிற்சி எத்தனை முறை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், கொடுத்தவர் யார். சிறப்பாசிரியர் என்றாலும் பேச்சுப் பயிற்சியாளர் என்றாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவருக்கு ஒரு பதிவு எண் இருக்கும். அதைப் பெயருக்குப் பக்கத்தில் போட என்ன கூச்சம்? மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை இவனைப் போன்றவர்களுக்காக நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவில் ஒரு பகுதிக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் அவர்களுக்கு பில் காட்ட வேண்டும். ‘நன்கொடை’ என்ற ரசீதை வைத்துக்கொண்டு எந்தத் தெரபிக்கு நான் விண்ணப்பம் போடுவது? உங்கள் பள்ளிக்கு அரசு கொடுத்த பதிவுச் சான்றிதழையும் பீரோவிலிருந்து எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி சுவரில் மாட்டுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. பணம் கட்டும் முன்பு, எங்களை ஒரு மணி நேரம் வகுப்பு மூலையில் உட்கார விடுங்கள். மற்றப் பிள்ளைகளின் அந்தரங்கம் கெடும் என்பீர்கள். நியாயம்தான், என் பிள்ளையை யாரோ படம் பிடித்தால் எனக்கும் பொறுக்காது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புது ஆள் வந்தால் பிள்ளைகள் மிரளும் என்பீர்கள். அதுவும் உண்மை. மிரண்ட பிள்ளையை ஆசிரியர் எப்படித் தேற்றுகிறார் என்பதைத்தானே நாங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது?

இப்போது அவன் போவது திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் சிறிய பள்ளி. மாதம் 9,500 ரூபாய். வேன் கிடையாது, என் வண்டியில்தான் கொண்டுபோய் விடுகிறேன். “பேச்சு வருமா என்று சொல்ல முடியாது, தண்ணீர் கேட்கவும் கழிவறைக்குப் போகவும் பழக்கலாம்” என்றார் அதை நடத்தும் அம்மா. கேட்டதும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். அந்த ஒரு மணி நேரம் ஒன்றும் அழகாக நடக்கவில்லை. ஒரு பையன் தட்டைத் தூக்கி எறிந்தான், இன்னொரு பையன் கால்சட்டையிலேயே போய்விட்டான். ஆசிரியை குரலை உயர்த்தாமல் அவனைக் கூட்டிப்போய்க் கழுவி, வேறு கால்சட்டை மாட்டிக் கூட்டிவந்து, விட்ட இடத்திலிருந்து மணி கோக்க வைத்தார். கீழே இறங்கிப் போய்ப் பணத்தைக் கட்டினேன். அங்கும் ரசீதில் ‘கட்டணம்’ என்றுதான் இருந்தது. சொன்னேன், மறுமாதத்திலிருந்து பின்பக்கத்தில் கையால் எழுதித் தருகிறார்.

உங்களுக்காக ஒரு ரசீது வடிவம் கோத்து வைத்திருக்கிறேன். பிள்ளையின் பெயர், பயிற்சி, நாள், நிமிடம், பயிற்சி கொடுத்தவர், பதிவு எண், தொகை. அடியில் ஒரு வரி: ‘இம்மாதம் ஆசிரியர் மாற்றம்: உண்டு / இல்லை’. யார் கேட்டாலும் முதல் புத்தகம், அடிக்கட்டையோடு 100 தாள், காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம்பர் போடும்போது மகனும் பக்கத்தில் இருப்பான். எண் ஏதாவது தாவினால் எனக்கு முன்னால் அவன் பிடித்துவிடுவான்.

இப்படிக்கு,
சிம்மக்கல் அச்சகக்காரன்