யார் ஜெயித்தார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இணைய ஆளுகை, அதாவது இணையத்தின் விதிகளை யார், எப்படி முடிவு செய்வது என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு நீங்கள் இவ்வளவு பக்கங்கள் ஒதுக்கியதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் ‘இணையம் யார் கைக்குப் போகும்?’ என்ற தலைப்புதான் உறுத்தியது. அதே மாதிரித் தலைப்புகளை நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். பல ஆண்டுகள் இந்த மாநாடுகளின் பின்னால் அலைந்த செய்தியாளன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

2012 டிசம்பரில் துபாயில், ஐநாவின் அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு மாநாடு கூட்டியது. 1988இல் மெல்போர்னில் உருவான தொலைத்தொடர்பு ஒழுங்குமுறைகளைத் திருத்துவதுதான் அங்கே வேலை. மாநாடு தொடங்கும் முன்பே ‘ஐநா இணையத்தைக் கைப்பற்றப் போகிறது’ என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. விமானம் ஏறும் முன் நான் எழுதிய முன்னோட்டமும் அதே பாணிதான். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான், இது சொற்களுக்கான சண்டை என்று தெரிந்தது. இன்னும் ஒப்புக்கொள்ளப்படாத வாசகங்களை வரைவில் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். ஒவ்வொரு நாளும் புது வரைவு வரும். எந்த அடைப்புக்குறி விழுந்தது, எது புதிதாக முளைத்தது என்று பார்ப்பதுதான் அங்கே செய்தி சேகரிப்பது. ‘இணையம்’ என்ற சொல் வரலாமா கூடாதா என்பதற்கே நாள்கணக்கில் பேசினார்கள். கடைசியில் ஒழுங்குமுறைகளுக்குள் அந்தச் சொல் வரவில்லை, அதோடு இணைத்த ஒரு தீர்மானத்தில் வந்தது.

அந்தத் தீர்மானம் நிறைவேறிய இரவை மறக்க முடியாது. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். அவையின் மனநிலையை மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லி, ஆதரிக்கும் நாடுகள் பெயர்ப்பலகையை உயர்த்தும்படி தலைவர் கேட்டார். அப்புறம் எதிர்ப்பவர்களைக் கேட்டார். பெரும்பான்மை இருக்கிறது, தீர்மானம் ஏற்கப்பட்டது என்று அறிவித்தார். ஸ்பெயின் எழுந்து, நடந்தது வாக்கெடுப்பா என்று கேட்டது. இல்லை என்றார் தலைவர். செய்தியாளர் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்ன என்று எழுதுவது? வாக்கெடுப்பு இல்லை என்கிறார்கள், முடிவு மட்டும் வந்துவிட்டது.

மறுநாள் ஒழுங்குமுறைகளின் முகப்புரையில் இருந்த ஒரு வாக்கியத்துக்கு ஈரான் நிஜமாகவே வாக்கெடுப்பு கேட்டது. 77 நாடுகள் ஆதரவு, 33 எதிர்ப்பு, 8 நடுநிலை. அதோடு ஒருமித்த கருத்து என்ற நம்பிக்கை உடைந்தது. கையெழுத்திட மாட்டோம் என்று அமெரிக்கா அறிவித்தது, பிரிட்டனும் கனடாவும் அதே வழியில் போயின. முடிவில் 144 நாடுகளில் 89 கையெழுத்திட்டன, 55 இடவில்லை. இந்தியாவும் அப்போது இடவில்லை. அன்று இரவு செய்திப் பிரிவிலிருந்து எனக்கு வந்த ஒரே கேள்வி, யார் ஜெயித்தார்கள் என்பதுதான். நான் ஒரு பெயரைச் சொன்னேன், அது தலைப்பாகவும் வந்தது. இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஏனென்றால் அந்தக் கூச்சலில் நான் கோட்டைவிட்ட ஒன்று உண்டு. ஐரோப்பாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம், மாநாட்டுக்கு முன்பே ஒரு யோசனையை வைத்திருந்தது. இணையத்தில் தகவலை அனுப்புகிற பக்கம், அதைச் சுமக்கும் வலையமைப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு சாதாரண வாசகரின் சட்டைப்பையைத் தொடுகிற விஷயம் இது. அந்தக் கட்டணம் வந்தால், சிறிய தளம் நடத்துபவரால் தாக்குப்பிடிக்க முடியுமா? பணம் கொடுக்காதவரின் பக்கம் சில நாடுகளுக்குப் போகாமலே நின்றுவிடுமா? இதையெல்லாம் நான் கேட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு பத்தி எழுதினேன், அதுவும் இடமில்லை என்று வெட்டப்பட்டது. யோசனை துபாயில் தோற்றது. பத்து ஆண்டு கழித்து ‘நியாயமான பங்கு’ என்ற புதுப் பெயரில் ஐரோப்பாவில் திரும்பி வந்தது. பழைய விவாதத்தை நாங்கள் ஒழுங்காக எழுதியிருந்தால், வாசகர்களுக்கு அது புதிதாகத் தெரிந்திருக்காது.

2005இல் துனிஸில் நடந்த தகவல் சமூக உச்சி மாநாடு இன்னொரு பாடம். அப்போது முகவரிப் பெயர்களின் வேர்க்கோப்பை, அதாவது .com, .in போன்ற முடிவுகளுக்கு எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லும் தலைமைப் பட்டியலைக் கவனித்தது ஐகான். 1998இல் கலிபோர்னியாவில் பதிவான லாபநோக்கற்ற அமைப்பு அது. அமெரிக்க வணிகத்துறையின் ஒப்பந்தத்தில் அதைச் செய்துவந்தது. பல நாடுகளுக்கு இது பொறுக்கவில்லை. கடைசி நேரத்தில் ‘மேம்பட்ட ஒத்துழைப்பு’ என்ற சொற்றொடரை வைத்து எல்லோரையும் சமாதானப்படுத்தினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஐநா பின்னால் இரண்டு பணிக்குழுக்கள் வைத்தும் ஒத்த கருத்து வரவில்லை. அந்த மாநாட்டுக்குச் சில நாள் முன்பு துனிஸ் தெருவில் ஒரு பிரெஞ்சு செய்தியாளர் கத்தியால் குத்தப்பட்டார். தொடக்க விழாவில் சுவிட்சர்லாந்து அதிபர் கருத்துரிமை பற்றிப் பேசியதை உள்ளூர்த் தொலைக்காட்சி துண்டித்தது. தகவல் சுதந்திரம் பற்றிய மாநாட்டுச் செய்தியில் இவற்றுக்கு முதல் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

2016 செப்டம்பர் 30 நள்ளிரவில் ஐகானோடு அமெரிக்கா வைத்திருந்த அந்த ஒப்பந்தம் காலாவதியானபோது, ‘அமெரிக்கா இணையத்தை விட்டுக்கொடுத்தது’ என்று எழுதினார்கள். அன்றுதான் இதை நிறுத்தும்படி நான்கு அமெரிக்க மாநிலங்கள் கேட்ட தடையை ஒரு நீதிபதி மறுத்திருந்தார். மறுநாள் காலை எல்லாத் தளங்களும் வழக்கம்போலத் திறந்தன. ஐகானைத் தட்டிக்கேட்கும் அதிகாரம் ஒரு அரசிடமிருந்து வேறு யாரிடம் போனது என்பதுதான் செய்தி. அதை விளக்க மூன்று வாக்கியம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கட்டுரையில் ஒரு திருத்தமும் செய்ய வேண்டும். அந்த வேர்க்கோப்பை வைத்துப் பதில் சொல்லும் கணினிகளான வேர்ச் சேவையகங்கள் உலகில் 13தான் உள்ளன என்று எழுதியிருக்கிறீர்கள். 13 என்பது பெயர்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பல நாடுகளில் பல பிரதிகள் இயங்குகின்றன, மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். இந்த 13 என்ற எண்தான் ‘சில கணினிகளைப் பிடித்தால் இணையமே கையில்’ என்ற பயத்தை வளர்க்கிறது.

சரி, நான் கேட்பது இதுதான். அடுத்த மாநாட்டுக்கு ஒரு செய்தியாளரை அனுப்புங்கள், முடியாவிட்டால் நேரலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐநா ஆண்டுதோறும் கூட்டும் இணைய ஆளுகை மன்றத்தில் 2006 ஏதென்ஸ் கூட்டத்திலிருந்தே பேச்சுகளின் எழுத்துப்படி எல்லோருக்கும் கிடைக்கிறது. அந்த மன்றம் நாடுகளைக் கட்டுப்படுத்தும் முடிவு எதையும் எடுப்பதில்லை என்பதால் அங்கே செய்தி இல்லை என்று நினைக்க வேண்டாம், பின்னால் வரப்போகிற வாசகங்களை அங்கேதான் முதலில் பேசிப் பார்ப்பார்கள். ஒப்பந்தம் பேசும் மாநாடு என்றால், அது தொடங்கும் முன்பே சர்ச்சைக்குரிய இரண்டு வாக்கியங்களை அடைப்புக்குறியோடு அப்படியே தமிழில் வெளியிடுங்கள். முடிந்ததும் அதே வாக்கியங்கள் எப்படி மாறின என்று பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செய்தியாளர் ஒருவர்